நகல் என்றால் கேவலமா?

2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டரேயில் ஒரு பழைய கார் ஏலத்துக்கு வந்தது. 1962-ல் கரோல் ஷெல்பி கட்டிய முதல் கோப்ரா. கூரை கிடையாது, இரண்டே சீட். உடம்பு இங்கிலாந்தின் ஏசி கம்பெனியுடையது, இன்ஜின் அமெரிக்க ஃபோர்டின் வி8. போன விலை 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர். வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டு மழையில் கடைக்குப் போய் பால் பாக்கெட் வாங்கி வருவாரா? மாட்டார். அது இனிமேல் கார் இல்லை, சக்கரம் வைத்த வைரம்.

இன்று உலகத்தில் அசல் கோப்ராவைவிட நகல் கோப்ராக்கள் பல மடங்கு அதிகம். அவற்றில் ஒன்று தெருவில் போனால் போதும், கார் பிரியர்களில் ஒரு கூட்டம் உடனே முகத்தைச் சுளிக்கும். 'டூப்ளிகேட்' என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடும்.

அந்தச் சுளிப்பில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நேற்று அச்சிலிருந்து இறங்கிய ஃபைபர் உடம்பில் பழைய சின்னத்தை ஒட்டிக்கொண்டு, பெட்ரோல் பங்கில் யாராவது "ஒரிஜினலா சார்?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் சிரித்து வைப்பவர்கள் உண்டு. அது பொய்தான். ஆனால் பொய் சொன்னது சின்னமும் சிரிப்பும். வண்டி யாரிடமும் பொய் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் புரிய கோப்ராவை விட்டுவிட்டு இன்னொரு காரிடம் போக வேண்டும்.

லோட்டஸ் செவன். காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்தது. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு கூடு, மேலே அலுமினியத் தகடு, முன்னால் இன்ஜின், பின் சக்கரத்துக்கு இழுவை. கதவு கூட இல்லை. எடையைக் குறைத்தால் வேகம் தானாக வரும் என்பதுதான் சாப்மனின் வேதம். முக்கியமான விஷயம், இந்தக் கார் பிறந்ததே உதிரிப் பெட்டியாகத்தான். அன்றைய இங்கிலாந்தில் முழுக் காருக்கு விற்பனை வரி கடுமை, உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. கூடவே பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததாகவும், லோட்டஸ்காரர்கள் 'கழற்றும் முறை' என்று ஒரு தாளைக் கொடுத்து, வாங்கியவர் அதைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. (வரி கட்டாமலிருக்க மனுஷன் போகும் தூரம்!)

ஆக, ஏதோ ஒரு வீட்டு ஷெட்டில் யாரோ ஒரு குமாஸ்தா ஞாயிற்றுக்கிழமை பூட்டிய செவன்தான் 'அசல்' செவன். அப்படியிருக்க, இன்னொரு ஷெட்டில் இன்னொருவர் பூட்டுவது மட்டும் எப்படிப் போலியாகும்? பெயரும் உரிமையும் சட்ட விஷயம். 1973-ல் கேட்டர்ஹாம் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி இன்றுவரை செவன் விற்கிறது. 1980களில் வெஸ்ட்ஃபீல்டு செய்த கார் செவன் மாதிரியே இருக்கிறது என்று கேட்டர்ஹாம் வழக்குக்குப் போக, வெஸ்ட்ஃபீல்டு வடிவத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. விற்கிறவர்களுக்குள் அது நடக்க வேண்டிய சண்டைதான். தனக்காக ஒன்றே ஒன்று கட்டிக்கொள்கிற ஆளின் கதை வேறு.

அந்த ஆளுக்கு 1996-ல் ஒரு புத்தகம் கிடைத்தது. ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர் எழுதி ஹெயின்ஸ் வெளியிட்டது. வெறும் 250 பவுண்டில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே அடித்துச் சொன்னது. செவன் பாணிக் கூட்டை ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயில் நீங்களே வெட்டி, நீங்களே பற்றவைக்க வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டிலிருந்து. ஏன் எஸ்கார்ட்? அதுவும் முன்னால் இன்ஜின், பின்னால் இழுவை. இங்கிலாந்து மழையில் உடம்பு துருப்பிடித்து உதிர்ந்தாலும் உள்ளே இருக்கும் இயந்திரம் நன்றாகவே இருக்கும். இந்த வகைக்கு 'லோகோஸ்ட்' என்று பெயர் வந்தது. மலிவு என்ற அர்த்தமும் இருக்கிறது, லோட்டஸ் வாசனையும் அடிக்கிறது.

அந்த 250 பவுண்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். டயர், பெயின்ட், பிரேக் குழாய், விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது பர்ஸ் கிழியும். இப்போது அந்தப் பழைய எஸ்கார்ட்டே சேகரிப்பாளர்கள் துரத்துகிற விலை உயர்ந்த பொருளாகிவிட்டது. அதனால் பின்னால் வந்தவர்கள் ஃபோர்டு சியராவுக்கு, மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு மாறினார்கள். பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். ஒரு குளிர்காலத்தில் முடியும் என்று ஆரம்பித்தவர் மூன்றாவது குளிர்காலத்திலும் ஷெட்டில் நிற்பார். பாதியில் நின்றுபோன கூடுகள் விற்பனை விளம்பரங்களில் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

நகல் எதிர்ப்பாளர்கள் கேட்க வேண்டிய உண்மையான கேள்வி வேறு. ஸ்டியரிங் தண்டின் மூட்டு ஒழுங்காகப் பூட்டவில்லை என்றால்? சஸ்பென்ஷன் தாங்கியின் பற்றவைப்பு பார்க்கப் பளபளப்பாக இருந்து உள்ளே ஒட்டாமல் இருந்தால்? ஓட்டுபவர் மட்டுமா சாவார்? எதிரே வருகிறவர் என்ன பாவம் செய்தார்? 'என் காசு, என் கார்' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

இந்த இடத்தில் பிரிட்டிஷ் அரசு செய்ததைப் பாராட்ட வேண்டும். வீட்டில் கட்டிய காருக்குத் தடையும் போடவில்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. 1998-ல் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகச் சோதிக்கும் முறை கார்களுக்கு வந்தது, 2009-ல் அது இன்னும் கடுமையானது. பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட் பூட்டும் இடம், புகை, சத்தம், ஸ்பீடோமீட்டர் எல்லாம் பார்ப்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு எவ்வளவு மழுங்கலாக இருக்கிறது என்பதுவரை அளப்பார்கள், நடந்துபோகிறவர் மேல் பட்டால் கிழிக்கக் கூடாதாம். பல பேர் நட்டுகளுக்கு பிளாஸ்டிக் தொப்பி மாட்டிப் பாஸ் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றி எறிவது தனிக்கதை. இது சின்னத்தை ஒட்டுவதைவிட மோசமான ஏமாற்று. கூட்டைத் தற்காலிகமாகப் பொட்டு வைத்துச் சேர்த்துவிட்டு, கடைசி வெல்டிங்கைத் தொழில் தெரிந்தவரிடம் விடுகிறார்களே, அவர்கள்தான் புத்திசாலிகள். அதனால் அந்தக் கார் 'சொந்தமாகக் கட்டியது' இல்லை என்று ஆகிவிடாது.

சோதனை முடிந்தும் வண்டியின் பூர்வீகம் தெளிவாக இல்லை என்றால் அங்கே க்யூ எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட் கொடுப்பார்கள். நிறைய பேருக்கு அது அவமானம். எதற்கு என்றுதான் புரியவில்லை. பல வண்டிகளின் எலும்பில் செய்த வண்டி என்று நெற்றியிலேயே எழுதியிருக்கும்போது, பெட்ரோல் பங்கில் பொய்ச் சிரிப்புக்கு அவசியமே இல்லையே.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? எடை 500 கிலோவுக்குப் பக்கத்தில். நம்ம மாருதி 800 கூட 600-க்கு மேல். கையைத் தொங்கப்போட்டால் ரோடு எட்டும். லாரியின் சக்கரம் கண்ணுக்கு நேரே சுற்றும். மூன்று பெடலும் நெருக்கியடித்து நிற்பதால் அகலமான ஷூ போட்டால் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து அமுங்கும். முன் சக்கரம் குழியில் இறங்குவது கண்ணுக்கும் தெரியும், கைக்கும் தெரியும். 80 கிலோமீட்டர் வேகம் நல்ல செடான் காரில் தூக்கம் வரவைக்கும், இதில் தொண்டை வறண்டுவிடும். மழை வந்தால் நனைய வேண்டியதுதான். மேலே மாட்டும் துணிக்கூரையை எடுத்து மாட்டுவதற்குள் மழையே நின்றுவிடும் :-)

இதெல்லாம் கேட்டர்ஹாம் வாங்கினாலும் கிடைக்கும். கிடைக்காதது ஒன்று உண்டு. எங்கிருந்தோ 'கட கட' என்று ஒரு சத்தம் கேட்கும்போது, வாங்கியவர் சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் போடுவார். கட்டியவருக்கு அது எந்தப் போல்ட் என்று தெரியும், எந்த மாதம் எந்த அவசரத்தில் முடுக்கியது என்பதும் தெரியும். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்குவார். ஸ்பானர் செட் சீட்டுக்குப் பின்னால்தான் கிடக்கும்.