பழைய தகவலுக்கு ஒரு கெடு வேண்டும்

ஒரே வெப்சைட்டை லட்சம் பேர் ஒரே நேரத்தில் திறந்தாலும் அது எப்படி வேகமாக வருகிறது? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அடிக்கடி கேட்கப்படும் தகவலை, ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் தேடாமல், சர்வரின் மெமரியிலேயே வைத்துக்கொள்வதுதான் ரகசியம். இதற்குப் பெயர் கேஷ்.

இந்த வேலைக்கென்றே மெம்கேஷ்டு என்ற இலவச சாஃப்ட்வேர் உள்ளது. 2003-ல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் தன் லைவ்ஜர்னல் தளத்துக்காக இதை உருவாக்கினார். விக்கிப்பீடியாவும் இதைப் பயன்படுத்துகிறது.

எங்கள் ஊர் தூத்துக்குடியில் துறைமுகச் சரக்கு வைக்கும் கிடங்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு கிடங்கு இன்னொரு கிடங்கிடம் கேட்பதில்லை. கணக்குப்பிள்ளைக்குத்தான் அது தெரியும். மெம்கேஷ்டு சர்வர்களும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை. சி மொழியில் புரோகிராம் எழுதுபவர்களுக்கு லிப்மெம்கேஷ்டு என்ற லைப்ரரிதான் அந்தக் கணக்குப்பிள்ளை. தகவலின் பெயரை வைத்துக் கணக்குப் போட்டு, எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும்.

தகவலைச் சேமிக்கும்போது இந்த லைப்ரரியிடம் ஒரு எண்ணையும் கொடுக்க வேண்டும். இத்தனை விநாடிக்குப் பிறகு இது செல்லாது என்று பொருள். 0 கொடுத்தால் கெடுவே கிடையாது. அப்போது, மெமரியில் இடம் போதாமல் வெளியேற்றப்படும் வரையோ, சர்வர் நின்று போகும் வரையோ அந்தத் தகவல் அப்படியே இருக்கும்.

புரோகிராமர்கள் யோசிக்காமல் 0 போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். சமையல் குறிப்புக்கு அது பரவாயில்லை. கடல் எச்சரிக்கைக்கு? 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அதற்குக் காரணம் கேஷ் அல்ல. ஆனால் எச்சரிக்கை எப்போது கைக்கு வருகிறது என்பது உயிர்ப் பிரச்சினை என்று இந்தக் கரைக்குத் தெரியும். திரேஸ்புரத்தில் வள்ளம் இறக்கும் முன் ஒருவர் பார்க்கும் பக்கம் நேற்றையதாக இருக்கலாமா?

கெடுவைக் குறைத்தால் சர்வர் திணறும் என்பார்கள். 60 விநாடி கொடுத்தாலே போதும். அந்த ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்தாலும் டேட்டாபேஸுக்குச் சில முறைதான் வேலை. புது எச்சரிக்கை வந்ததும் பழையதை அழிக்கும் வசதியும் லைப்ரரியிலேயே இருக்கிறது. இதோடு, தகவல் எடுக்கப்பட்ட நேரத்தையும் பக்கத்தில் காட்ட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? கன்ட்ரோல் கீயுடன் எஃப்5 அழுத்துங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பழைய நகலை விட்டுவிட்டு, பிரவுசர் அந்தப் பக்கத்தை மறுபடியும் சர்வரிடம் கேட்கும். ஆனால் சர்வரின் மெமரியில் உள்ள பழையதை அது அழிக்காது. எனவே பக்கத்தில் உள்ள தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நேரமே இல்லாத எச்சரிக்கைப் பக்கத்தை நம்பிக் கடலுக்குப் போக வேண்டாம். துறைமுகத்தில் ஏற்றியுள்ள புயல் கூண்டை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.