மாதம் ஒரு பொருள்: சிறகிழந்த ஈ சொன்ன செய்தி

தாராவியிலிருந்து அன்னையார் ஒருவர் நம் சங்கத்திற்கு மடல் விடுத்திருக்கிறார். அவர்தம் மகள் உயிர்நூலில் முதுகலைத் தேர்வு பெற்று, ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இடமும் பெற்றுவிட்டாள். அங்கு அவள் செய்யவிருக்கும் பணி, பழ ஈயின் உடலில் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறையை ஆராய்தலாம். "ஈ வளர்க்கவா இவளை இத்தனை ஆண்டுகள் படிக்க வைத்தோம்? வங்கித் தேர்வு எழுது என்றால் செவிசாய்க்க மறுக்கிறாள். தாங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்று முடிகிறது மடல். மகளுக்குச் சொல்லுமுன், தாய்க்குச் சொல்ல வேண்டியவை சில உள்ளன. அவை மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இம்மாதம் அதனையே எழுதுகிறோம்.

மாட்டுங்கா சந்தையில் கனிந்து வெடித்த வாழைப்பழத்தின்மேல் மொய்க்கும் சிறு ஈக்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவ்வினத்தைச் சேர்ந்ததே ஆராய்ச்சியாளர் வளர்க்கும் ஈ. முட்டை ஈயாவதற்குப் பத்து நாள் போதும். உணவும் இடமும் மிகச் சிறிது போதும். ஓராண்டில் பல தலைமுறைகளைக் கண்ணாற் காணலாம். 1910ஆம் ஆண்டு நியூயார்க்கில் மார்கன் என்பார் இவ்வீயைக் கொண்டே மரபியல் உண்மைகளை நிறுவத் தொடங்கி, 1933இல் நோபல் பரிசும் பெற்றார். மனிதர்க்கு நோய் விளைக்கும் மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கிற்கு இவ்வீயிடம் இணை உண்டு என்று பின்னர்க் கண்டறிந்தனர். ஆதலின் ஈயைப் பயில்வோர் நம்மையே பயில்கின்றனர் எனலாம்.

இனி, உயிரணுக்கள் செய்தி அனுப்புதல் என்பது யாது? தாயின் கருவில் நாம் ஒரே உயிரணுவாகத் தோன்றினோம். அது பிரிந்து பெருகி இன்று 30 இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட உயிரணுக்களாய் நிற்கிறது. அவற்றுள் இது கண்ணாகுக, இது எலும்பாகுக, இது இத்துடன் பெருகாது நிற்க என்று ஆணையிடுவதற்குத் தலைமை அதிகாரி எவரும் இலர். அண்டையிலுள்ள அணு அனுப்பும் செய்தியைக் கொண்டே ஒவ்வோர் அணுவும் தன் கடமையை அறிகிறது. நாம் பணிபுரியும் இருப்புப்பாதையிலும் இம்முறை உண்டு. ஒற்றைப் பாதையில், அடுத்த நிலையத்தார் 'லைன் கிளியர்' தந்தாலன்றி இந்நிலையத்தார் வண்டியை விடமாட்டார். அவ்வாறே ஓர் அணு ஒரு புரதத்தை வெளிவிடுகிறது. அடுத்த அணுவின் புறத்தோலிலுள்ள ஏற்பி அதனைப் பற்றுகிறது. உள்ளே செய்தி கைமாறிக் கைமாறிச் சென்று, மரபணுக்கள் உறையும் உட்கருவை எட்டுகிறது. அங்கே சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில உறங்குகின்றன.

இத்தகைய செய்திப் பாதைகளுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றன் வரலாறு நம் நாட்டில் தொடங்கியது என்பதைப் பலர் அறியார். புதுதில்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உளது. கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1972 வரை இயக்குநராக இருந்த நிலையம் அது. கோதுமைப் புரட்சியால் பெயர் பெற்றது. அங்கே ஆர். பி. சர்மா என்னும் ஆய்வாளர் விந்தையான ஈக்களைக் கண்டார். சிலவற்றிற்கு ஒரு சிறகு இல்லை. சிலவற்றிற்கு இரண்டுமே இல்லை. சிறகு இருக்கவேண்டிய இடத்தில் முதுகின் பகுதியே மீண்டும் வளர்ந்திருந்தது. 'சிறகிலி' எனப் பொருள்படும் 'விங்லெஸ்' என்ற பெயரை அதற்கிட்டு, 1973இல் ஈ ஆய்வாளர்களுக்கான செய்தி மடலில் ஒரு குறிப்பு வெளியிட்டார். 1976இல் வி. எல். சோப்ராவுடன் சேர்ந்து விரிவான கட்டுரையும் எழுதினார். அன்று எவரேனும் அவரிடம், "கோதுமை நிலையத்தில் சிறகில்லாத ஈ எதற்கு?" என்று வினவியிருந்தால், அவர்க்கு என்ன விடை இருந்திருக்கும்? எதற்கும் பயனாகும் என்ற உறுதி அன்று எவரிடமும் இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1982இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் ரோயல் நுஸ்ஸி, ஹெரால்டு வார்மஸ் என்னும் இருவர், எலிகளுக்கு மார்புப் புற்று விளைக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்தனர். அவ்வைரஸ் எந்த மரபணுவின் அருகே புகுந்து அதனைக் கிளறிவிடுகிறது என்று கண்டு, அதற்கு 'இன்ட்-1' என்று பெயரிட்டனர். 1987இல் நுஸ்ஸியின் குழுவினர் ஆம்ஸ்டர்டாமில் ஓர் உண்மையை வெளியிட்டனர்: தில்லி ஈயின் சிறகிலி மரபணுவும் எலிப் புற்றின் மரபணுவும் ஒன்றே! உருவாகும் உடலில் சிறகை எழுப்பும் செய்தி, தவறிய இடத்தில் புற்றை எழுப்பியது. இரண்டு பெயர்களையும் இணைத்து இக்குடும்பத்திற்கு 'விண்ட்' என்று 1991இல் பெயர் சூட்டினர். மனித உடலில் இத்தகைய மரபணுக்கள் 19 உள்ளன.

செய்தி எவ்வாறு பிழைபடுகிறது என்பதையும் சிறிது காண்போம். பழைய கைகாட்டி மரத்தை நினைவுகூர்க. கை நீட்டி நின்றால் வண்டி நிற்கவேண்டும், தாழ்ந்தால் போகலாம். கம்பி அறுந்துபோனாலும், எதிரெடையின் பாரத்தால் கை நீட்டிய நிலைக்கே மீளும்படி அதனை அமைத்தனர். உயிரணுவிலும் அத்தகைய காவல் உண்டு. செய்தி வாராத வேளையில், 'பீட்டா-கேட்டனின்' என்னும் புரதத்தை ஒரு காவற்குழு இடைவிடாது அழித்துக்கொண்டிருக்கும். செய்தி வந்தால் மட்டுமே அழிப்பு நின்று, அப்புரதம் உட்கருவிற் புகுந்து, 'பெருகுக' என்னும். காவற்குழுவில் 'ஏ.பி.சி.' என்ற புரதம் ஒன்றுண்டு. அதன் மரபணு கெட்டால், செய்தி வாராமலே கை தாழ்ந்துவிடும், பின் எழாது. பெருங்குடற் புற்றுகளுள் பெரும்பாலானவற்றில் இப்பிழையையே காண்கின்றனர். இப்பாதையை நேரே அடைத்துக் குடற்புற்றைத் தீர்க்கும் மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை என்பதையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும்.

ஆயினும், வேறொரு பாதையில் சிக்கிய கைகாட்டியை மீட்டிருக்கிறார்கள். ஒருவகை இரத்தப் புற்றில், இரண்டு மரபணுத் துண்டுகள் தவறாக ஒட்டி, ஓயாது செய்தி அனுப்பும் புரதம் ஒன்றைப் பிறப்பிக்கின்றன. அப்புரதத்தின் வாயை அடைக்கும் 'இமாட்டினிப்' என்ற மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாள்தோறும் மாத்திரை உண்டு பல்லாண்டு வாழ்வோர் இன்று பலர். ஆனால் காப்புரிமை வழக்கு நடந்த காலத்தில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்து மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. நம் நாட்டு நிறுவனங்களின் மருந்து அன்று 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது. காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தைச் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் எதிர்த்து நின்ற அவ்வழக்கில், 2013 ஏப்ரல் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் மறுப்பையே உறுதிசெய்தது. ஏழைத் தொழிலாளியின் வீட்டிற்கு மருந்து எட்டுவதற்கு ஆய்வாளரும் வேண்டும், வழக்காடுவோரும் வேண்டும்.

இனி, அன்னையாரின் கேள்விக்கு வருவோம். ஈ ஆராய்ச்சி நம் நகருக்குப் புதிதன்று. 1962இல் ஹோமி பாபாவின் ஆதரவுடன் ஒபைத் சித்திகி இங்குள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூற்று உயிரியற் பிரிவைத் தொடங்கினார். ஈ எவ்வாறு மணமும் சுவையும் அறிகிறது என்று அவரும் வெரோனிகா ரோட்ரிகஸ் அம்மையாரும் கொலாபாவில் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றனர். செலவைப் பற்றியும் அஞ்சவேண்டா. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறியவர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஈராண்டிற்குப்பின் அது 42,000 ஆகும். வீட்டு வாடகைப் படி தனி. அதில் ஒரு பங்கை அவள் இல்லத்திற்கு அனுப்பவும் கூடும். மறுபுறம், பட்டம் பெற ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதன்பின் நிலையான பணி எளிதிற் கிட்டாது. இவ்விரண்டையும் அறிந்தபின்னும் மகள் விரும்புவாளாயின், அம்மையார் தடை சொல்லாதிருத்தல் நன்று என்பது நம் கருத்து. வங்கித் தேர்வுக்கு வயது இன்னும் இருக்கும். இந்த ஆர்வம் மறுமுறை வருமோ, அறியோம்.

இறுதியாக, எல்லா இல்லங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புற்று முன்வினைப் பயன் அன்று. தொட்டால் ஒட்டுவதும் அன்று. செய்திப் பாதையில் நேர்ந்த பிழை அது. நோயுற்றவர்க்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்து அவர் மனத்தைப் புண்படுத்தாதீர்கள். மார்பிற் கட்டி, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மலத்திற் குருதி ஆகியவற்றை நாணத்தால் மறைக்கும் பெண்டிரும் ஆடவரும் நம்மிடையே உள்ளனர். தொடக்கத்திற் கண்டால் தீர்க்கக்கூடியதை மறைத்து முற்றவிடுகிறோம். 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை பரேலில் இருக்கிறது. மாட்டுங்காவில் மெதுவண்டி ஏறினால் தாதரை அடுத்த நிலையம் பரேல். தனியே செல்ல அஞ்சுவோர், மொழி தெரியாதோர், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டேனும் செல்க.