செக்கும் ஐஃபோன் படமும்

பி.காம் படிச்சு பேங்க்ல உட்கார்ந்திருக்கறவன் மென்பொருள் எழுதறவங்களுக்கு யோசனை சொல்லலாமா? சொல்றேன். சொந்த ஊரை விட்டு கரமனையில் குப்பை கொட்டறவனுக்கு இந்தப் பதிவுதானே திண்ணை :-)

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள். கடைசி நாள், ராத்திரி. துபாய் அண்ணன் கொடுத்த ஐஃபோனில் எடுத்த படத்தை லேப்டாப்புக்கு மாற்றி ஏற்றினால், 'ஜேபெக் மட்டும்' என்றது தளம். ஃபைல் பெயரின் வாலில் இருந்த ஹெய்க்கை அழிச்சு ஜேபிஜின்னு போடச் சொன்னாள் தோழி. போட்டதும் தளம் வாங்கிக்கிச்சு! ஆனா படம் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். தளம் பார்த்தது பெயரை மட்டும்தான். உறைமேல் எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு உள்ளே பார்க்காம கே.ஒய்.சி. பாஸ் பண்ணினா எங்களுக்கெல்லாம் மெமோ வரும். நல்லவேளை, வீட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் இருந்தது.

ஐஃபோன் 2017-ல், ஐஓஎஸ் 11-லிருந்து, இப்படிச் சேமிக்குது. ஜேபெக்கில் ஏறக்குறைய பாதி இடம் போதும். 2020 மே மாதம் அமெரிக்காவில் காலேஜ் போர்டு ஏ.பி. தேர்வை வீட்டிலிருந்தே எழுத வச்சப்போ, விடைத்தாளின் ஹெய்க் படத்தைத் தளம் ஏற்காம நேரம் போன பிள்ளைகள் உண்டு. ஜூனில் மறுபடி எழுதினாங்க. மூணு வருஷமா ஊரெல்லாம் புழங்கின ஃபார்மட்டுங்க அது!

"உங்க பேங்க் மட்டும் என்ன ஒழுங்கு?" நியாயமான கேள்வி. சி.டி.எஸ். முறையில் செக் தாள் நகராது, படம்தான் போகும். முன்பக்கம் சாம்பல் நிற ஜேபெக் ஒண்ணு. முன்னும் பின்னும் கறுப்பு வெள்ளையில் டிஃப் இரண்டு. 2008-ல் டெல்லியில் ஆரம்பிச்சது. வேற ஃபார்மட்டுக்கு அங்கே இடமில்லை, இருக்கவும் வேண்டாம். ஏன்னா ஸ்கேன் பண்றதும் பேங்க், வாங்கறதும் பேங்க். விண்ணப்பத் தளத்தில் ஒரு முனை பொதுஜனத்தின் சட்டைப்பையில் இருக்கு. அங்கே போய் நீங்க சட்டம் போட முடியாது.

அதனால் ஹெய்க்கோ வெப்பியோ ஏவிஃபோ, வர்றதை வாங்குங்க. முதல் சில பைட்டைப் பார்த்தாலே எதுன்னு தெரியும். உங்க சர்வரில் ஜேபெக்கா மாத்திக்குங்க. இத்தனை கேபிக்குள் சுருக்கற வேலையும் உங்களுடையதுதான். அதுக்காக ஒரு பொண்ணு இன்டர்நெட் சென்டருக்குக் காசு அழணுமா?

பாதுகாப்பு என்பீங்க. வெறும் சாக்குன்னு தள்ள மாட்டேன். 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கற லைப்ரரியில் ஓட்டை தெரிஞ்சு, குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அவசர அவசரமா அடைச்சாங்க. லைப்ரரியை அப்டேட் பண்ணி வைங்க, படம் திறக்கற வேலையை மத்ததிலிருந்து பிரிச்சு வைங்க. ஹெய்க்குக்குக் காப்புரிமைத் தொல்லை வேற இருக்கு, ஒத்துக்கறேன். வாங்கவே முடியாதுன்னா, படத்தைத் தேர்ந்தெடுத்த உடனே சொல்லிடுங்க: "இது ஹெய்க் படம். ஃபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' போட்டு மறுபடி எடுங்க." இங்கேன்னா மலையாளத்திலும் சொல்லுங்க.