செருப்பைக் கழற்றச் சொன்ன பலகை

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கும் மனுக்கள். 'பொருள்' என்று தலைப்பிட்டு, 'பார்வை' என்று முந்தைய மனுவின் எண்ணைக் குறித்து, 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்திருந்தேன். இதில் பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. வார்டு எண்ணையும் பூங்காவின் பெயரையும்கூட எழுதவில்லை. அந்த நான்கு மனுக்களிலும் அவை இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து நீங்களே ஒருமுறை படியுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

எங்கள் வீடு முதல் மாடியில் ஒரே ஓர் அறையும் சமையல்கட்டும். மேலே மொட்டைமாடி. பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தத் தளம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எங்கள் தலையில் இறக்கத் தொடங்கும். மின்விசிறி அதே சூட்டை அறைக்குள் சுற்றிச் சுற்றி விடும். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். மகளுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மகனுக்கு மூன்றரை.

கோடை விடுமுறையில் எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் வெயில் ஏறுவதற்குள் இரண்டையும் குளிப்பாட்டி, கூழ் கரைத்துக் கொடுத்துவிடுவேன். பத்து மணிக்குக் கதவைச் சாத்தி, ஜன்னலில் நனைத்த புடவையைக் கட்டிவிடுவேன். சின்னவன் கழுத்தெல்லாம் வியர்க்குரு. நுங்கு வாங்கும் நாளில் அந்தத் தண்ணீரைத் தடவிவிட்டால் கொஞ்ச நேரம் சொறியாமல் இருப்பான். பெரியவளுக்கு மாடியில் காயும் வடகத்துக்குக் காக்காய் விரட்டும் வேலை, அதுவும் பத்து மணி வரைக்கும்தான். பிறகு பல்லாங்குழி, தாயக்கட்டை, நான் வெட்டிப் போட்ட துணித் துண்டுகளில் பொம்மைக்குப் பாவாடை. இரண்டு மணிக்கெல்லாம் எல்லா விளையாட்டும் தீர்ந்துபோகும். மூன்று மணிக்குச் சண்டை. தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "மணி நாலாச்சாம்மா?"

நாலு மணிக்குத்தான் பூங்காவைத் திறப்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்பதே நாலு மணிக்காகக் காத்திருப்பதுதான். அவர்களுக்கு ஊட்டியும் தெரியாது, கொடைக்கானலும் தெரியாது. ஆணையர் அவர்களே, அவர்களுடைய மலைவாசஸ்தலம் உங்கள் பராமரிப்பில்தான் இருக்கிறது.

போன வருஷம் வரை அங்கே இரண்டு புங்க மரங்களும் ஒரு வேம்பும் நின்றன. புங்க மரம் மாசியில் இலையைக் கொட்டிவிட்டு, பங்குனியில் தளிர்த்து, வெயில் உச்சத்துக்கு வரும் சித்திரைக்குள் அடர்த்தியாக நிழலை விரித்துவிடும். நமக்கு எப்போது நிழல் வேண்டுமோ சரியாக அப்போது கொடுக்கிற மரம் அது. பூ உதிர்ந்தால் தரையெல்லாம் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். பிள்ளைகள் அதைக் கொட்டாங்கச்சியில் அள்ளிச் சோறாக்கி விளையாடுவார்கள். கீழே மணல். மேலாக ஒரு சாண் கிளறினால் ஈரம் தட்டுப்படும். சறுக்குமரம் இரும்புதான், ஆனால் வேம்பின் அடியில் இருந்ததால் நாலு மணிக்குத் தொட்டால் குளிர்ந்திருக்கும்.

தை மாதம் தகரம் அடித்து மறைத்தார்கள். உள்ளே ரம்பச் சத்தம் கேட்ட அன்றே முதல் மனுவைக் கொடுத்தேன். மரத்தை வெட்டுவதற்கு முன்னால் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எத்தனை கன்று நட வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. "மரம் இருந்தா தரை போட முடியாதும்மா, சருகு விழும், வேர் தூக்கும்" என்று வேலை செய்தவர் சொன்னார். மூன்று மரங்களும் போயின. மணலை வாரிப் போட்டுவிட்டு, டயர்த் துகளை ஒட்டிக் கறுப்பும் சிவப்புமாக ரப்பர் தரை போட்டார்கள். விழுந்தால் அடிபடாமல் இருக்கத்தான் இந்தத் தரை என்று எனக்கும் தெரியும். நல்ல எண்ணம்தான். நிழலில் போட்டிருந்தால் நானே கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் கறுப்பு ரப்பரைக் கொண்டுவந்து, நிழலை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, வெட்டவெளியில் விரித்தார்கள். மாசிக் கடைசியில் நாடா வெட்டித் திறந்தார்கள். அப்போது வெயில் இளசாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பூட்ஸ் போட்டிருந்தார்கள்.

பங்குனியில் தரை சுட ஆரம்பித்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று இரண்டாவது மனுவைக் கொடுத்தேன். நிழலுக்கு ஒரு பந்தலாவது போடுங்கள் என்று எழுதியிருந்தேன். ஒரு மாதம் பதில் இல்லை. மூன்றாவது மனுவை இணையத்தில் போட்டேன். பத்து நாளில் கைப்பேசிக்குத் தகவல் வந்தது: 'தங்கள் கோரிக்கை தீர்வு செய்யப்பட்டது.' பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பந்தல் இல்லை. வாசலில் ஒரு புதுப் பலகை இருந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து: 'ரப்பர் தளத்தில் காலணியுடன் செல்லக் கூடாது.'

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, கத்திரி தொடங்கி ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. நாலு முப்பத்தைந்துக்குப் போனோம். நான் கேட் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு இன்னொரு அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் என்னைவிடப் பத்தடி முன்னால் போய்விட்டார்கள். என் மகள் இந்த வருஷம்தான் கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறாள். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிப்பாள். பலகையைப் படித்தாள். 'கா-ல-ணி' என்பதை என்னிடம் திரும்பிக் கேட்டாள். "செருப்புடி" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. "டேய், செருப்பைக் கழட்டு. இங்க எழுதியிருக்கு பாரு" என்று தம்பியை நிறுத்தி, குனிந்து வாரை அவிழ்த்துவிட்டு, இரண்டு செருப்பையும் பலகைக்கு அடியில் சேர்த்து வைத்தாள். தன் செருப்பைக் கழற்ற அவள் குனிவதற்குள் அவன் சறுக்குமரத்தைப் பார்த்து ஓடிவிட்டான்.

நடுவில் போய் நின்றான். ஓடிவந்த வேகத்தில் அதுவரைக்கும் தெரிந்திருக்காது. நின்ற பிறகுதான் தெரிந்தது. பெரியவர்களாக இருந்தால் திரும்பி ஓடிவந்திருப்போம். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. ஒரு காலைத் தூக்கினான், மறு காலைத் தூக்கினான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடமும் சுட்டது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது அவனுக்கு அழக்கூடச் சத்தம் வரவில்லை.

பூங்காக் குழாயைத் திறந்தேன். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் நாளெல்லாம் கொதித்த தண்ணீர் வந்தது. ஆணையர் அவர்களே, சுட்ட காலுக்கு ஊற்ற அந்த வளாகத்தில் ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு வீட்டுக் காம்பவுண்டு மரத்தடியில் நுங்கு விற்கும் பெரியவர்தான் கூப்பிட்டார். "இங்க கொண்டாம்மா. காலை நீட்டு ராஜா" என்று, தான் குடிக்க வைத்திருந்த மண்பானைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தார். பானை காலியாகும் வரை ஊற்றினார். அப்படிச் செய்ததுதான் நல்லது என்று அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொன்னார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். உடைக்கக் கூடாது, பத்து நாள் தரையில் கால் வைக்க விடக் கூடாது என்றார்.

மூன்றரை வயதுப் பிள்ளையைப் பத்து நாள் நடக்கவிடாமல் வைத்திருப்பது எப்படி என்று உங்கள் வீட்டில் குழந்தை வளர்த்தவர்களைக் கேளுங்கள். இடுப்பில் அவனை வைத்துக்கொண்டு மிஷினை மிதிக்க முடியாது. வைகாசி முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட ரவிக்கைகளைப் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தேன். அது போகட்டும், பணம் இன்னொரு மாதம் வரும். மகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ராத்திரி அவன் புரண்டு முனகும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து, "நான்தானம்மா கழட்டச் சொன்னேன்" என்கிறாள். நீ தப்பு செய்யவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு ஆறவில்லை. எழுதியிருந்ததைப் படித்தாள், படித்தபடி நடந்தாள். அதைத்தானே ஒரு வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தோம்?

நான்காவது மனுவில் கொப்புளத்தின் படத்தை ஒட்டிக் கொடுத்தேன். பதில் வந்தது: 'மேற்படி பூங்கா நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகிறது எனத் தெரிவிக்கப்படுகிறது.' கீழே உங்களுக்காக ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி அதில் இல்லை. அந்த வரிக்கு எந்த விதியும் தடையில்லை. அன்றைக்குத்தான் என் பொறுமை தீர்ந்தது.

வெயில் இயற்கை, அதற்கு நகராட்சி என்ன செய்யும் என்று உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். 2024 அக்டோபரில் நம் மாநில அரசே வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்திருக்கிறது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் முன்கூட்டியே ஆள் அனுப்புகிறவர்கள் நீங்கள். பேரிடர் என்றால் வந்த பிறகு வருத்தப்படுவது மட்டுமா? சின்னப் பிள்ளைகளின் தோல் மெல்லிசு. உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் சூடேறும். உயரம் குறைவு என்பதால் தரை கக்கும் அனல் நேரே அவர்கள் முகத்தில் அடிக்கும். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி என்று தினமும் செய்தியில் சொல்கிற சூடு நிழலில் வைத்து அளந்த காற்றின் சூடு. வெயிலில் கிடக்கும் கறுப்பு ரப்பரின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். அதை அளந்து பார்க்க உங்கள் பொறியாளர்களிடம் கருவி இல்லை என்று நான் நம்பவில்லை. அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தரை கெட்டுவிடக் கூடாது என்று தோன்றியிருக்கிறது, அதற்குப் பலகை எழுதத் தோன்றியிருக்கிறது. அந்தத் தரைமேல் நடக்கப்போகும் கால் யாருடையது என்று மட்டும் தோன்றவில்லை. செருப்பிடமிருந்து தரையைக் காப்பாற்றினீர்கள். தரையிடமிருந்து பிள்ளையை யார் காப்பாற்றுவது?

தாய் ஏன் கவனிக்கவில்லை என்றும் கேட்பார்கள். கேட்கட்டும். பத்தடி தூரத்தில் நின்றேன். குழந்தைகள் விளையாடுவதற்கென்று அரசாங்கம் வேலி போட்டுக் கொடுத்த இடத்தில், என் பிள்ளைக்கும் தரைக்கும் நடுவில் நான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இனித் தெரியும். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரும் ஆறு மணிக்கு முன்னால் பூங்காவுக்குப் போவதில்லை. ஏழு மணிக்குக் காவலாளி பூட்டிவிடுகிறார். பத்து மணியிலிருந்து அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு ஒரு நாளில் கிடைப்பது ஒரு மணி நேரம். மீதி நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாக்கள் கைப்பேசியைக் கொடுக்கிறார்கள். நானும்தான் கொடுக்கிறேன். பிள்ளைகள் எந்நேரமும் செல்போனே கதி என்று கிடக்கிறார்கள் என மேடையில் பேசுகிற எல்லோரும் இதையும் சேர்த்துப் பேசட்டும்.

வெட்டிய மரத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. இந்த ஆடியில் புங்கங்கன்று நட்டால்கூட, அதன் நிழலில் நிற்கும்போது என் மகன் சறுக்குமரத்தை மறந்திருப்பான். இருந்தாலும் நடுங்கள், அவனுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக. அதுவரைக்கும் நாலு சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் போதும். கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடுகிறவர்கள் ஒரே நாளில் போட்டுவிடுவார்கள். வாசலில் ஒரு மண்பானை வையுங்கள். கோடை முடியும் வரை ஒன்பது மணி வரைக்கும் விளக்கெரியட்டும், கதவு திறந்திருக்கட்டும். இவற்றில் எதற்கும் மேலிடத்துக்குக் கோப்பு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.

நேற்று என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் மின்மாற்றியின் கம்பிவேலியில் தொங்கும் பலகையை அவள் படித்தாள். 'அபாயம்.' படித்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "இது நிஜமாவே அபாயமாம்மா? இல்ல, பார்க்குல எழுதின மாதிரி சும்மாவா?"

ஆணையர் அவர்களே, அந்த அபாயப் பலகையை அவள் நம்பியே ஆக வேண்டும். அதை நம்பினால்தான் அவள் உயிரோடு வளர்வாள். அவள் நம்ப வேண்டுமானால், பூங்கா வாசலில் இருக்கும் பலகை இன்றைக்கே அங்கிருந்து போக வேண்டும். அதைக் கழற்றும்போது சொல்லியனுப்புங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் கண்ணெதிரே கழற்றுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்