காது போனது யாருக்கு?

பிரித்தானிய இராணுவம் ‘ஏஜக்ஸ்’ என்ற கவச வாகனத்தை வாங்கிய கதையைத் தோழர்கள் அறிய வேண்டும். 2014 இல் 589 வாகனங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பெறுமதி சுமார் 550 கோடி பவுண். 2021 டிசம்பருக்குள் 320 கோடி பவுண் கைமாறிவிட்டது. வந்து சேர்ந்தவையோ வெறும் 26. அவற்றில் ஒன்றைக்கூடக் களத்துக்கு அனுப்ப முடியவில்லை.

பணம் போனது ஒருபுறம். வாகனத்தின் இரைச்சலும் அதிர்வும் உள்ளே இருந்த சிப்பாய்களைத் தாக்கின. காது இரைகிறது, மூட்டு வீங்குகிறது என்றார்கள். அதன் பிறகும் ஓட்டம் தொடர்ந்தது. 2020 நவம்பரில்தான் முதலில் நிறுத்தினார்கள். பாதிப்புக்கு உள்ளாகியிருக்கக் கூடியவர்கள் என்று 310 பேரைக் கணக்கெடுத்தார்கள். செலவுக்கும் காலக்கெடுவுக்கும் கொடுத்த இடத்தைப் பாதுகாப்புக்குக் கொடுக்கவில்லை என்று பாதுகாப்பு அமைச்சின் சொந்த அறிக்கையே 2021 இல் ஒப்புக்கொண்டது.

திருந்தினார்களா? 2025 நவம்பரில் வாகனம் தயார் என்று அறிவித்தார்கள். அதே மாதம் பயிற்சியில் சுமார் 30 சிப்பாய்கள் சுகவீனமுற்றார்கள். மறுபடியும் நிறுத்தம்!

புது மெசின் என்றால் கோளாறு வரத்தான் செய்யும் என்பார்கள். வரட்டும். அதை ஆளின் உடம்பில் ஏன் சோதிக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறோம். தேயிலைத் தொழிற்சாலை இரைச்சலில் வேலை செய்யும் நமக்கு இது புரியாததல்ல. ஆனால் நமக்குச் சங்கம் இருக்கிறது. அந்தச் சிப்பாய்களுக்கு அதுவும் இல்லை. ஏறமாட்டேன் என்றால் கட்டளையை மீறிய குற்றம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கனவான்கள் ஒரு நாள் முழுக்க அதற்குள் உட்கார்ந்து போகட்டும். மிச்சப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.