தமிழ் தெரியாத டைரக்டரை புதுவை மறக்கலாமா?

தமிழ் பேசத் தெரியாது. ஆனாலும் 15 வருஷம் தமிழ்ப் படம் டைரக்ட் செய்தார்! நம்ப முடிகிறதா?

அவர்தான் அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். கூடப் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935-ல் இந்தியாவுக்கு வந்தார். 1936-ல் "சதிலீலாவதி" எடுத்தார். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். பாகவதருக்கு "அம்பிகாபதி", எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு "சகுந்தலை", "மீரா" என்று வரிசையாக எடுத்தார்.

வசனத்தை இங்கிலீஷில் எழுதி வாங்கிப் படித்துக்கொண்டு வேலை பார்த்த மனுஷன். காதல் காட்சிகளில் நெருக்கம் காட்டினார். ஊர் வாய் சும்மா இருக்குமா? திட்டித் தீர்த்தார்கள். அவர் அசரவில்லை.

இவருடைய வாழ்க்கையை கரண் பாலி என்பவர் 2013-ல் டாகுமெண்டரியாக எடுத்தார். பெயர் "ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்". நம் படங்களை எடுத்தவரும் வெளியூர்க்காரர். அவர் கதையை எடுத்தவரும் வெளியூர்க்காரர்! நாம் என்ன செய்தோம்?

"அதுக்கும் பாண்டிச்சேரிக்கும் இன்னா சம்பந்தம்?" என்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது, ஐயா. 1950-ல் டங்கன் எடுத்த "பொன்முடி" யார் கதை? நம்ம பாவேந்தர் பாரதிதாசன் எழுதிய "எதிர்பாராத முத்தம்" காவியம்தான். பெருமாள் கோவில் தெருவில் பாவேந்தர் வீட்டை நினைவகமாக வைத்திருக்கிறோம். அவர் கதையைப் படமாக்கியவரை மட்டும் மறந்துவிட்டோம்.

புதுவை அரசு திரைப்பட விழா நடத்துகிறது. சிறந்த படத்துக்கு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருதும் தருகிறது. நல்ல காரியம். அந்த விழாவில் ஒரு சாயங்காலம் டங்கன் டாகுமெண்டரியையும், கூடவே "பொன்முடி"யையும் இலவசமாகக் காட்டினால் என்ன?

"டாகுமெண்டரியை எவன் பார்ப்பான்?" என்பார்கள். எம்.ஜி.ஆரின் முதல் டைரக்டர் என்று போஸ்டரில் போடுங்கள். கடை சாத்திவிட்டு வருவார்கள்!

பழைய படங்களுக்கு ஆயுசு கெட்டி இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் "காளிதாஸ்" இன்று ஒரு பிரதிகூட இல்லை. அதைப் பார்த்தவர்களும் போய்விட்டார்கள். டங்கனும் 2001-ல் போய்ச் சேர்ந்தார். "பொன்முடி"யைக் கொட்டகையில் பார்த்த தாத்தா பாட்டிகள் சிலராவது இன்னும் நம் தெருக்களில் இருப்பார்கள். அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் கதை சொல்லட்டும்.

அதிகாரிகள் மனசு வைப்பார்களா?