பொனெற்றைத் திறக்க ஒருவர் வேணும்

எங்கட வீட்டில் பெரியப்பா, அண்ணா, நான் என்று மூன்று பேர் ஒன்றாக இருந்தால் கார்க் கதை தொடங்கிவிடும். பெரியப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருக்கிறது. அண்ணா லீசிங் எடுத்தாவது மின்கார் வாங்க வேண்டும் என்று நிற்கிறார். என்னிடம் கார் இல்லை. இருப்பது ஓட்டோ கியர் மட்டும் ஓடலாம் என்கிற லைசன்ஸ் ஒன்றுதான். அதனால் இந்தக் கதையில் என்ர வாயை அடைப்பது சுலபம். "கியர் போடத் தெரியாத நீ கார் பற்றிக் கதைக்காத பிள்ளை" என்பார் பெரியப்பா. இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

முதலில் பெரியப்பாவின் கட்சி. மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு 1959இல் வந்த மினியும் அவருடைய கைவேலைதான். பழைய மைனரில் சிக்னல் போட்டால் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். சின்ன வயதில் அதைப் பார்க்கவே பெரியப்பாவுடன் கடைக்குப் போவேன். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் கேம்பிரிட்ஜும் இவ்வளவு காலம் ஓடியதைப் பார்த்து, வெளியிலிருந்து வருகிறவர்கள் "உங்கட ஆக்களுக்குப் பழைய காரில் என்ன ஒரு காதல்" என்கிறார்கள்.

காதல் பிறகு வந்தது. முதலில் வேறு வழி இருக்கவில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெயில் கார் ஓடியது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோலை காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்வார்கள். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் காலத்து இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அந்த எரிபொருளையும் ஒருமாதிரி சகித்துக்கொண்டன. புகை கக்கும், இழுவை குறையும், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும். கராஜ் பாஸ்மார் இல்லாத சாமானைத் தாங்களே கடைந்தார்கள், ஒன்றிலிருந்து கழற்றி மற்றதற்குப் போட்டார்கள். கார் அவ்வளவு காலம் தப்பியதற்குக் காரணம் பிரித்தானியப் பொறியியல் பாதி, எங்கட பாஸ்மாரின் கை மீதி.

இந்தப் பாதியை நாங்கள் மறந்துகொண்டு வருகிறோம். இன்றைக்கு மைனர் கலியாணப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகிறது. மாலை போட்டு, பளபளப்பாக்கி, பக்கத்தில் நின்று படம் எடுக்கிறோம். அதில் பிழையில்லை. ஆனால் "அந்தக் காலத்துக் கார் மாதிரி வராது" என்று சொல்வதற்கு முதல் கொஞ்சம் யோசிக்கலாம். கட்டியபோது அதில் சீற் பெல்ட் இல்லை, எயார் பாக் இல்லை. நான்கு சில்லிலும் ட்ரம் பிரேக். என்ர பிள்ளையை ஏற்றி ஏ9இல் ஓட அதைத் தெரிவுசெய்ய மாட்டேன்.

அடுத்தது கியர். மைனரின் முதலாம் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது. கார் உருளும்போது அதற்கு மாற்றினால் கடகடவென்று கத்தும். நின்ற பிறகு போட வேண்டும், அல்லது கிளச்சை இரண்டு தரம் மிதித்து வேகத்தைச் சமப்படுத்த வேண்டும். இதைச் சுத்தமாகச் செய்கிறவரைப் பார்த்தால் எனக்கும் மரியாதை வரும். ஆனால் அந்த வித்தை தெரியாதவர் சாரதியே இல்லை என்பது வேறு கதை. எனக்குத் தெரிந்த பெண்கள் பலர் ஓட்டோ கியரில்தான் முதன்முதலாகச் ஸ்ரேறிங் பிடித்தார்கள். வேலைக்குப் போக, அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக, யாரையும் கெஞ்சாமல் வெளிக்கிட அதுதான் வழிவிட்டது. அதை நக்கலடிக்கிறவர்கள் எதை நக்கலடிக்கிறோம் என்று ஒருக்கால் யோசிக்கட்டும்.

ஓட்டோவில் வேறொரு சிக்கல் உண்டு. இங்கே ஓடுகிற சின்ன ஜப்பான் கார்கள் பலவற்றில் இருப்பது சீ.வீ.ரீ. அதில் படிப்படியான கியர்கள் இல்லை. அகலம் மாறும் இரண்டு புல்லிகளும் ஒரு உருக்குப் பட்டியும்தான். அதற்கென்ற எண்ணெயைத்தான் விட வேண்டும், மாறி விட்டால் பட்டி தேயும். பழுதானால் பலர் திறக்காமல் முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்கிறார்கள். மைனரின் கியர்பொக்ஸை மரத்துக்குக் கீழே விரித்துப் போட்டுத் திருத்தியவர்களின் ஊரில்தான் இது நடக்கிறது.

இப்போது அண்ணாவின் கட்சி. 2022இல் கியூ.ஆர். கோட்டோடு பெற்றோல் வரிசையில் காய்ந்தவர் அவர். மின்காரில் அவருக்கு ஆசை வந்ததை நான் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் விலை? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. நடுவில் ரூபாய் விழுந்தது. மின்காருக்குக் கலால் வரி மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து விதிக்கப்படுகிறது. அதற்கு மேல் 18 வீத வற். விலை கூடினால் சொகுசு வரியும் வரும். புதியது எட்டாதபோது அண்ணா போன்றவர்களின் கண் பழைய நிசான் லீஃபில் விழுகிறது.

அந்த லீஃபைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். 24 கிலோவாட் மணி பற்றரியோடு வந்த 2011 மொடல், புதிதாக இருந்தபோதே அமெரிக்கக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 117 கிலோமீற்றர் அளவில்தான் ஓடியது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவே 140 கிலோமீற்றர் அளவு. அதன் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை, வெக்கையில் வேகமாகத் தேயும். டாஷ்போர்டில் பற்றரியின் கொள்ளளவைக் காட்ட 12 கோடுகள் உண்டு. எத்தனை மிச்சம் என்று எண்ணாமல் காசைக் கொடுத்தால், வாங்குவது கார் பாதிதான்.

ஆனால் அதே பற்றரிக்குள் 48 மொடியூல்கள் தனித்தனியாக இருக்கின்றன. கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம். பெரியப்பாவின் தலைமுறை செய்த அதே வேலைதான். வித்தியாசம், உள்ளே 360 வோல்ற் அளவில் மின்சாரம் இருக்கிறது. பார்த்துப் பழகலாம் என்று கை வைத்தால் ஆள் இருக்காது. முறையான பயிற்சி வேணும், கையுறையும் கருவியும் வேணும்.

அதனால்தான் எங்கட சண்டை பிழையான இடத்தில் நடக்கிறது என்கிறேன். பழையதா புதியதா, கியரா ஓட்டோவா என்று கத்துகிறோம். பழுதானால் இந்த ஊரில் யார் திறப்பார் என்று மூன்று பேரும் கேட்பதில்லை. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் இருபது இலட்சமும் நட்டம், இரண்டு கோடியும் நட்டம். வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்போம், சரி. கூடவே தொழில்நுட்பக் கல்லூரிகளில் உயர் மின்னழுத்தப் பயிற்சியையும் கேட்போம். பழைய மின்கார் விற்கிறவர் பற்றரி நிலையை எழுத்தில் தர வேண்டும் என்றும் கேட்போம்.

போன கிழமை இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என்ர காரைத் திருத்திற பாஸுக்கு எழுபது தாண்டிட்டுது பிள்ளை. பழக வந்த பெடியன் ஒருத்தனும் நிக்கேல்லை" என்றார்.

மைனருக்கும் இப்போது அதே கேள்விதான்.